பர்ஹானாவுக்குப் பக்கத்துச் சீட்

கல்முனை கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், அந்தக் கதிரையில் அமர்ந்திருக்கும் முதல் பெண்ணான தங்கச்சிக்கும் இதை எழுதுகிறேன். முதலாளி போன கிழமை வீட்டுக்கு வந்து, இவ்வளவு காலம் கொழும்பு பஸ்ஸுக்குப் புக்கிங் பார்த்த ஆள் நீங்கள், பொடியன்மாருக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார். போனில் எப்படிக் கதைப்பது, கம்ப்யூட்டரில் சீட்டை எப்படிப் பூட்டுவது என்று எழுதுவேன் என அவர் நினைத்திருக்கலாம். அதெல்லாம் இரண்டு நாளில் உங்களுக்கு வந்துவிடும். எனக்குத்தான் கடைசி வரை அந்த மெஷின் வசப்படவில்லை.

நாம் டிக்கெட் விற்கிறவர்கள் என்றுதான் ஊர் நினைக்கிறது. டிக்கெட்டை யாரும் விற்கலாம். யாருக்குப் பக்கத்தில் யார் கண்ணை மூடித் தூங்குவது என்பதைத் தீர்மானிப்பதுதான் நம்முடைய வேலை. தனியே வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் பெண்ணைத்தான் போட வேண்டும். இதை எந்தச் சட்டத்திலும் நான் வாசித்ததில்லை. ஆனால் அதில் பிழை விட்டுப் பாருங்கள், பஸ் அம்பாறை தாண்டுவதற்குள் அந்தப் பிள்ளையின் வாப்பாவும் அண்ணன்மாரான காக்காமாரும் கவுண்டருக்கு வந்து நிற்பார்கள். அது நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நம்பித்தான் உம்மாமார் கெம்பஸுக்குப் போகும் பிள்ளைகளை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்கள்.

போனில் புக் பண்ணுகிறவரிடம் ஆணா பெண்ணா என்று கேட்கத்தான் வேண்டும். பெரும்பாலும் குரலே சொல்லிவிடும். ஒரு நாள் குரல் சொல்லவில்லை. பெயர் கேட்டேன். பர்ஹானா என்று பதில் வந்தது. அப்போ லேடீஸா என்று கேட்டேன்.

"ரெண்டு சீட் போடுங்க காக்கா," என்றது அந்தக் குரல்.

கூட யாரோ வருகிறார்கள் என்று நினைத்து இரண்டு போட்டேன். மாலையில் அவள் தனியாக வந்தாள். நல்ல உயரம், கறுப்பு அபாயா, கையில் ஒரு பிரயாணப் பை. மற்றவர் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். யாரும் பக்கத்தில் உட்கார வேண்டிய நிலை வராமலிருக்கத்தான் இரண்டு சீட் எடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. இப்போது பத்திரிகைகளில் திருநங்கை என்று எழுதுகிறார்கள். அப்போது எங்கள் வாய்களில் இருந்த சொற்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவள் எங்கள் பஸ்ஸில்தான் போய்வந்தாள். கொழும்பில் கல்யாணச் சாரிக்குக் கல் ஒட்டும் வேலை. சொந்த ஊர் மருதமுனை. அங்கே உம்மா இருந்தா, தங்கச்சியின் வீட்டில். எங்கள் பக்கத்து வழமை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வாப்பா கட்டும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளைக்குப் பொண்டாட்டியின் வீடு. பர்ஹானா ஒரு நாள் பஸ் பிந்திய நேரத்தில் கவுண்டர் வாங்கில் அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே இதைப் பற்றிப் பகிடி விட்டாள்.

"பொம்புளண்டா எனக்கும் வாப்பா ஒரு வீடு தந்திருக்கோணும். ஆம்புளண்டா நான் பொண்டாட்டிர வீட்டுக்குப் போயிருக்கோணும். ரெண்டும் இல்லாட்டி உங்கட பஸ்ஸிலதான் காக்கா குடியிருக்கோணும்."

நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். பிறகு உம்மா வீட்டில் எங்கே இருப்பாய் என்று கேட்டேன். முன் ஹோலில் மச்சானும் அவருடைய கூட்டாளிமாரும் இருப்பார்களாம், அங்கே அவளை விரும்பமாட்டார்கள். அடுப்படியில், குசினிப் பக்கம், பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள், இவளைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்கள். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள வாசற்படியில் ஒரு சின்னப் பலகையைப் போட்டு இருப்பாளாம். உம்மா அங்கேதான் சோற்றுப் பீங்கானைக் கொண்டுவந்து கொடுப்பாவாம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நான் இன்னும் ரெண்டு பிளேன்டீக்குச் சொன்னேன்.

எல்லோரும் என்னைப் போல டீ குடித்துக்கொண்டு கதை கேட்கவில்லை. நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஓர் அக்கா சாய்ந்தமருதில் இருந்தா. கொழும்புப் புறக்கோட்டையில் துணி எடுத்து வந்து வீடு வீடாக விற்பவ, மகளையும் கூட்டிக்கொண்டு அடிக்கடி பயணம் போவா. நாக்கு நல்ல நீளம். ஒரு நாள் கவுண்டருக்கு வந்து, பர்ஹானாவைக் குறித்து, பெண்கள் பக்கத்தில் அதை ஏற்ற வேண்டாம் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. நாங்கள் முக்காட்டைத் தளர்த்திவிட்டுத் தலை சாய்க்கிற இடம் அது, கல்யாணம் ஆகாத கொமர்ப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கண் மூடுவது என்று கேட்டா. இரண்டு சீட்டும் அவளுடையது, பக்கத்தில் யாரும் இல்லை என்று சமாளித்தேன். அப்படியென்றால் எனக்கு முன்னாலும் பின்னாலும் போடாதீர்கள் என்றா. அன்றிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தால் நாலைந்து வரிசை தள்ளியே போட்டேன். அந்த ராத்தாவின் மீது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவ கேட்டது முட்டாள் கேள்வி என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. பெண்கள் பக்கம் என்ற ஒன்று இருப்பதே பெண்கள் பயமில்லாமல் தூங்கத்தான். அதே பயணத்தில் பர்ஹானாவும் பயமில்லாமல் தூங்க வேண்டும் என்பதுதான் என்னுடைய தொல்லை. இரண்டையும் ஒரு பஸ்ஸுக்குள் அடக்க வேண்டும்.

இனி ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன்.

பெருநாள் முடிந்து ஊரெல்லாம் கொழும்புக்குத் திரும்பும் நாள். எங்களுடைய பஸ்கள் மட்டுமல்ல, எல்லாருடைய பஸ்ஸும் நிறைந்து வழிந்தது. வாடகைக்கு ஒரு வேன்கூடக் கிடைக்காது. அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து கவுண்டரைத் திறக்கிறேன், பர்ஹானா ஓடி வருகிறாள். பெருநாளுக்கு வந்திருந்தவள், இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்குப் புக்கிங். செருப்பு மாறிப் போட்டிருந்தாள். காலையில் உம்மாவுக்குத் தலைக்குள் இரத்தக் கசிவு என்று அம்புலன்ஸில் கொழும்புக்கு ஏற்றியிருக்கிறார்கள். கூடப் போக ஒருவருக்குத்தான் இடம், தங்கச்சி போய்விட்டாள். விடிந்ததும் ஒப்பரேசன். அதற்குப் பிறகு எப்படி இருக்கும் என்று டொக்டர்மார் வாக்குத் தரவில்லை.

"தங்கச்சி போனில கோல் எடுத்தவ. உம்மா என்னத்தான் கேட்டுக்கிட்டு இருக்காவாம். ஒரு சீட் தாங்க காக்கா, ஒண்டே ஒண்டு போதும்."

ஒரே ஒரு சீட்தான் இருந்தது. அது பெண்கள் சீட். பக்கத்தில் இறக்காமத்திலிருந்து வந்த ஓர் இளம் பெண். மறுநாள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஏறப்போகிறவள். ஏற்றிவிட வந்த புருஷன் பஸ் வாசலிலேயே நிற்கிறான்.

இந்த மாதிரி நேரத்தில் உங்கள் காதில் நிறையக் குரல் விழும் தம்பிமாரே. பர்ஹானாவைக் கண்டதும் புருஷன் தொடங்கினான், என் பொண்டாட்டிக்குப் பக்கத்தில் ஆம்பிளையை ஏற்றுவீர்களா என்று. பின்னால் இருந்த ஒருவர் பெரிய மனதோடு தீர்ப்புச் சொன்னார், ஆண்களோடு கடைசி வரிசையில் நெருக்கிவிடுங்கள் என்று. பர்ஹானா அதற்குத் தலையாட்டவில்லை. முன்னொரு முறை அவசரத்தில் அப்படிப் போயிருக்கிறாள். அதைப் பற்றி என்னிடம் ஒரே வசனம்தான் சொல்லியிருந்தாள்: "அந்த ராவு என்ட பகையாளிக்கும் வேணாம் காக்கா." இன்னொருவர் மார்க்கம் கதைத்தார். அவருக்கு எதிரே இருந்தவர் மனித உரிமை கதைத்தார். இருவரும் தங்கள் சீட்டை விட்டு அசையவில்லை. ஒரு பொடியன் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினான்.

நான் செய்த முதல் வேலை அந்தப் போனை இறக்கியது. "தம்பி, அத பொக்கட்டுக்குள்ள வை. இல்லாட்டி உன்ட சீட்டத்தான் இவவுக்குக் குடுப்பன்" என்றேன். வைத்துவிட்டான். எனக்கு அதிகாரம் இருந்ததோ இல்லையோ, கொழும்புக்குப் போக வேண்டும் என்ற தேவை அவனுக்கு இருந்தது. கூட்டம் ஒன்று எதையும் தீர்க்காது, படம் எடுக்கப்படும் கூட்டம் இன்னும் மோசம். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

டிரைவர் ஹோர்னை அழுத்துகிறார். மற்ற பஸ் வெளிக்கிட்டுவிட்டது. இடமில்லை என்று ஒரு சொல் சொன்னால் என் வேலை முடிந்தது, யாரும் என்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள். பர்ஹானா மட்டும் ரோட்டில் நிற்பாள். அவளுடைய உம்மா விடியும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பா.

இவ்வளவு பேர் கதைக்கிறார்கள், பக்கத்தில் இருக்கப்போகிறவளிடம் யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷனைக் கவுண்டரிலிருந்து ஒரு சிற்றுண்டிப் பொதி எடுத்து வரும்படி அனுப்பிவிட்டு பஸ்ஸுக்குள் ஏறினேன். அந்தப் பெண்ணிடம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இவவின் உம்மா ஆசுபத்திரியில், இதுதான் கடைசிச் சீட். "ஆனா இது உங்கட பக்கத்துச் சீட் மகள். நீங்க வேணாமெண்டா வேணாம்தான். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

அவள் யன்னலைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, பிள்ளைகளை விட்டுப் போகிறவள்.

"எனக்குப் பயமாக் கிடக்கு வாப்பா. அவவப் பத்தி ஒண்டும் தெரியா. என்ன மன்னிச்சிருங்க."

நல்லது மகள் என்றேன். மன்னிக்க ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத நாட்டுக்குத் தன்னந்தனியாகப் போகிறவள் சொந்த நாட்டில் கழிக்கும் கடைசி இரவு அது. அதில் எதை வேண்டாம் என்று சொல்வது என்பது அவளுடைய உரிமை. ஒருவரிடம் கேட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கு வழி விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்டால்தான் ஓம் என்பதற்கும் பெறுமதி உண்டு. ஆனால் திரும்பிப் பார்த்தால் பஸ் வாசலில் பர்ஹானா ஒரு காலைப் படியில் வைத்தபடி நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலைக் கீழே எடுத்து வைத்தாள்.

அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு குரல். சாய்ந்தமருது ராத்தா. சரி, இவவும் சேர்ந்துகொண்டா என்று நினைத்தேன்.

"என்ட மகள எழுப்பி அந்தப் புள்ளைக்குப் பக்கத்தில போடுங்க," என்றா. "இவவ இஞ்ச விடுங்க, என்ட பக்கத்தில."

நான் விளங்காமல் நின்றேன். என்னிடம் வந்து சண்டை பிடித்த அதே ராத்தா. மகளுக்கே விளங்கவில்லை, உம்மா என்று கையைப் பிடித்தாள். ராத்தா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தா.

"என்ன பாக்குறீங்க? நான் அண்டைக்குச் சொன்னது சொன்னதுதான், அதுல மாத்தமில்ல. ஆனா உம்மாட்டப் போற புள்ளய ரோட்டில எறக்கி உட்டுட்டு நான் எப்படிக் கொழும்பு போற மட்டும் கண்ண மூடுற? நித்திரை வருமா எனக்கு?"

மகள் எழும்பி இறக்காமத்துப் பெண்ணிடம் போனாள், பர்ஹானா ஏறி ராத்தாவின் பக்கத்தில் இருந்தாள். ராத்தா தன் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தா. பிறகு என்ன நினைத்தாவோ, அதைத் தூக்கிக் காலடியில் வைத்துக்கொண்டா. பொதியோடு வந்த புருஷன் பொண்டாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொமர்ப்பிள்ளை இருப்பதைக் கண்டு பொதியைக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டான். இத்தனை வருடத்தில் நான் போட்ட எந்த சீட் கணக்கும் அவ்வளவு அழகாகப் பொருந்தியதில்லை. அதைப் போட்டது நானுமில்லை.

மறுநாள் பகல் பர்ஹானா கோல் எடுத்தாள். ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக முன்னம் உம்மாவைக் கண்டுவிட்டாளாம். உம்மா கையைப் பிடித்துச் சாப்பிட்டாயா என்று கேட்டாவாம். அது போதும் என்று அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்.

"மஹியங்கனை வளைவில அந்த ராத்தா நித்திரையில என்ட தோள்ல சாஞ்சிட்டா காக்கா. எனக்குக் கை விறைச்சுப் போச்சு. நான் அசையல்ல. அசைஞ்சா எழும்பிருவாவே."

எத்தனை வருடம் இரண்டு சீட்டுக்குள் தனியே போய்வந்த பிள்ளை அவள்.

ராத்தா மாறிவிட்டா என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பயணத்துக்குப் புக் பண்ணும்போது, அவள் வந்தால் தள்ளியே போடுங்கள் என்று திரும்பவும் சொன்னா. ஆனால் போனை வைக்கும் முன், அதின் உம்மா எப்படி என்று கேட்டா. ஊர் மனம் அப்படித்தான் இருக்கும், ஒரு இரவில் மாறிவிடாது. ஒரு இரவுக்கு இடம் விட அதனால் முடியும். கவுண்டரில் இருக்கிறவன் அந்த ஒரு இரவைத் தேடிப் பார்க்க வேண்டும்.

உம்மா அதற்குப் பிறகு அடுத்த நோன்பு வரை இருந்தா. மௌத்தான அன்று பர்ஹானா வந்தாள். முற்றத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள். நான் ஜனாஸாவுக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் பார்த்தேன், முற்றத்திலும் பார்த்தேன், அவளைக் காணவில்லை. எங்கே இருந்து அழுதாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து கொழும்புக்கு ஏறினாள், இரண்டு சீட்டில். உம்மா இல்லாத வீடு மச்சானின் வீடாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவில்லை.

ஆனால் கோல் வரும். பெருநாளுக்கு முன்னைய மாலைகளில், நாங்கள் தலை சொறிய நேரமில்லாமல் இருக்கும்போது கவுண்டர் போன் அடிக்கும். கொழும்பிலிருந்து பஸ் எல்லாம் வெளிக்கிட்டதா காக்கா என்று கேட்பாள். மருதமுனை ஆட்கள் நிறைய வருகிறார்களா, மழை பெய்கிறதா, கடல் எப்படி என்று கேட்பாள். சீட் கேட்கமாட்டாள். முதல் தடவை எனக்குப் புரியவில்லை, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டேன். ஒன்றுமில்லை காக்கா, சும்மாதான் என்றாள். பிறகு நான் கேட்கவில்லை. யார் யார் வருகிறார்கள், எந்த பஸ் பிந்துகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு சலாம் சொல்லி வைத்துவிடுவாள்.

நான் ஓய்வெடுத்து வீட்டில் இருக்கிறேன். பெருநாள் மாலைகளில் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. அவள் கவுண்டருக்குத்தான் எடுப்பாள், என்னுடைய நம்பர் அவளிடம் இல்லை. அவள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நம்பரிலிருந்து எடுப்பாள், என்னிடமும் அவளுடையது இல்லை. இனி அந்த கோல் உங்களுக்குத்தான் வரும்.

வரும்போது பிஸி என்று வைத்துவிட வேண்டாம். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள், கடல் எப்படி என்று எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். சீட் இருக்கிறதா என்று அவள் கேட்கமாட்டாள். இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள்.